புது கேம் நல்லா இருக்கா? எந்த மெஷின்ல?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலைக் காபி முடிவதற்குள் அக்கா பையனிடமிருந்து வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. பச்சைக் கட்டம், அதற்குள் 91 என்று ஒரு எண். கீழே ஒரே வரி: "மாமா, ரிவ்யூ வந்துடுச்சு. ப்ரீ-ஆர்டர் போட்டுடட்டுமா?"

சொந்தபந்தத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற ஆள் நான் ஒருத்தன்தான் என்பதால் ப்ரின்டர் மக்கர் பண்ணுவதிலிருந்து கேம் வாங்குவது வரை எல்லாம் என் தலையில்தான் விடியும். பையன் இன்ஜினியரிங் இரண்டாம் ஆண்டு. பிளேஸ்டேஷன் 5 வைத்திருக்கிறான். கேம் விலை ரூ. 4,999. பாட்டி கொடுத்த தீபாவளிக் காசு, இரண்டு மாதக் கைச்செலவு எல்லாம் சேர்த்தால் அந்தத் தொகை வரும். கேமின் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த வருடம் வேறு கேம் வரும், இதே கேள்வியும் வரும்.

நான் திருப்பிக் கேட்டேன்: "எந்த மெஷின்ல ஆடிப் பார்த்து 91 போட்டாங்க?"

கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "அதெல்லாம் யாரு மாமா பாக்குறா."

யாரும் பார்ப்பதில்லை என்பது உண்மைதான். நானும் ரொம்ப நாள் பார்த்ததில்லை. புதிதாக வந்த கன்சோல் கேம்களைப் பற்றி முதல் வாரத்தில் வருகிற அபிப்பிராயங்கள் எப்படி உருவாகின்றன என்று இரண்டு மூன்று வருடமாகக் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். அதிலிருந்து சிலவற்றை இந்தப் பதிவில் தருகிறேன். அந்த அபிப்பிராயங்கள் பெரும்பாலும் பொய் இல்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரே கேம், 86ம் 57ம்

இதற்கு எனக்குத் தெரிந்து மிக நல்ல உதாரணம் சைபர்பங்க் 2077. போலந்தின் சிடி ப்ராஜெக்ட் ரெட் செய்த கேம். 2012லேயே அறிவித்தார்கள். வெளியீட்டுத் தேதி 2020 ஏப்ரல் என்றார்கள், செப்டம்பர் ஆனது, நவம்பர் ஆனது, கடைசியில் டிசம்பர் 10 ஆனது. கடைசித் தள்ளிவைப்புதான் வேடிக்கை. அக்டோபர் தொடக்கத்தில் "கோல்ட்" ஆகிவிட்டது என்று அறிவித்தார்கள். டிஸ்க் அச்சடிக்க மூலப்பிரதி தயார் என்று அதற்கு அர்த்தம். அதற்கப்புறமும் மூன்று வாரம் தள்ளிப்போனது. சாஃப்ட்வேரில் இருப்பவர்களுக்கு இதைப் படித்ததுமே வயிற்றில் ஏதோ செய்யும்.

கேம் வெளிவருவதற்கு முன்பே 80 லட்சம் பேர் முன்பதிவு செய்திருந்தார்கள். டிசம்பர் 7 அன்று விமர்சனங்கள் வெளிவந்தன. சராசரி மதிப்பெண் 90ஐ ஒட்டி இருந்தது. ஆஹா ஓஹோ என்று எழுதியவர்கள் நிறைய. ஆனால் ஒரு விஷயம்: விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது கணினிக்கான பிரதி மட்டுமே. பிளேஸ்டேஷன் 4, எக்ஸ்பாக்ஸ் ஒன் பிரதிகளை வெளியீட்டுக்கு முன் யாருக்கும் தரவில்லை. போதாததற்கு, தாங்கள் ஆடியதைப் பதிவு செய்து காட்டவும் அனுமதி இல்லை. நிறுவனம் கொடுத்த வீடியோத் துண்டுகளைத்தான் பயன்படுத்த வேண்டும்.

டிசம்பர் 10 அன்று பிளேஸ்டேஷன் 4 வைத்திருந்தவர்கள் போட்டுப் பார்த்தார்கள். படம் மங்கல். தெருவில் மனிதர்கள் கண்ணெதிரே திடீரென முளைத்தார்கள். நடுவில் கேம் நின்றுபோய் முகப்புத் திரைக்குத் திரும்பியது. நான்கே நாளில் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. பழைய கன்சோல்களில் கேம் எப்படி ஓடுகிறது என்பதை வெளியீட்டுக்கு முன் காட்டாமல் விட்டது தவறு, அதனால் வாங்குபவர்கள் யோசித்து முடிவெடுக்க முடியாமல் போயிற்று என்பதுதான் அதன் சாரம். டிசம்பர் 17 அன்று சோனி ஒரு படி மேலே போய், தன் இணையக் கடையிலிருந்தே கேமை எடுத்துவிட்டு, பணத்தைத் திருப்பித் தருவதாக அறிவித்தது. அவ்வளவு பெரிய கேமுக்கு அப்படி நடப்பது அதுவரை யாரும் பார்க்காத விஷயம். 2021 ஜூன் 21 அன்றுதான் அது கடைக்குத் திரும்பியது.

இன்று மெட்டாக்ரிட்டிக் தளத்தில் அந்த கேமின் கணினிப் பிரதிக்கு 86. பிளேஸ்டேஷன் 4 பிரதிக்கு 57. கதை அதேதான், பாட்டு அதேதான், நடித்தவர்களும் அவர்களேதான். மெஷின் மட்டும் வேறு.

டிசம்பர் 7 அன்று 90 போட்டவர்கள் பொய் சொன்னார்களா? இல்லை. தங்கள் மேஜையில் இருந்த விலை உயர்ந்த கணினியில் என்ன பார்த்தார்களோ அதைத்தான் எழுதினார்கள். சிலர் கன்சோல் பிரதி கிடைக்கவில்லை என்றும் குறிப்பிட்டார்கள். ஆனால் பச்சைக் கட்டத்துக்குள் அந்தக் குறிப்புக்கு இடம் கிடையாது. எண் மட்டும் பயணம் செய்தது, குறிப்பு அங்கேயே தங்கிவிட்டது.

அந்த மெஷினில் ஏன் ஓடவில்லை?

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில்நுட்பம் பேசலாம், ஏனென்றால் ஒரு கேமைப் பற்றிய அபிப்பிராயத்தில் எவ்வளவு பங்கு மெஷினுடையது என்பது இங்கேதான் தெரியும்.

பிளேஸ்டேஷன் 4 வந்தது 2013 நவம்பரில். 8 ஜிபி மெமரி. அதை ப்ராசசரும் கிராஃபிக்ஸும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5,400 தடவை சுற்றும் சாதாரண ஹார்ட் டிஸ்க். நொடிக்கு 100 மெகாபைட் படித்தாலே பெரிய விஷயம். பிளேஸ்டேஷன் 5ல் இருக்கிற எஸ்எஸ்டி நொடிக்கு 5.5 ஜிகாபைட் படிக்கும். ஐம்பது மடங்குக்கு மேல் வித்தியாசம்.

திறந்த உலகக் கேம்களில் முழு நகரமும் ஒரே சமயத்தில் மெமரியில் இருக்காது. நீங்கள் தெருவில் வண்டி ஓட்டும்போது, முன்னால் வரப்போகிற கட்டடங்களை டிஸ்க்கிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டே இருக்க வேண்டும், பின்னால் போனதைத் தூக்கிப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கல்யாணப் பந்தியில் இலை போடுவது போல. பரிமாறுகிறவர் வேகமாக இருந்தால் பந்தியில் இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. அவர் அசந்தால் சாதம் வந்த பிறகு சாம்பாருக்குக் காத்திருக்க வேண்டும். மனிதர்கள் திடீரென முளைத்தது இதனால்தான். 2021 ஜனவரியில் நிறுவனத்தின் இணை நிறுவனர் மார்சின் இவின்ஸ்கி வெளியிட்ட வீடியோவிலும் இதைத்தான் சொன்னார். முதலில் கணினியில் பிரமாண்டமாகச் செய்துவிட்டு அதைக் கன்சோலுக்கு ஏற்றபடி குறுக்க முயன்றோம், பழைய கன்சோல்களில் இந்த எடுத்து வைக்கும் வேலை எவ்வளவு கடினம் என்பதைக் குறைத்து மதிப்பிட்டுவிட்டோம் என்பது அவர் விளக்கம்.

இன்னொன்று, ஃப்ரேம். நொடிக்கு 30 ஃப்ரேம் என்றால் ஒரு படத்தை வரைய மெஷினுக்கு 33.3 மில்லிசெகண்ட் கிடைக்கும். 60 என்றால் 16.7தான். "சராசரி 30 ஃப்ரேம்" என்று ஒருவர் எழுதினால் அதை வைத்து அதிகம் முடிவு செய்ய முடியாது. எல்லாப் படமும் 33 மில்லிசெகண்டில் வந்தாலும் சராசரி 30தான். பாதி சீக்கிரம் வந்து பாதி இழுத்தடித்தாலும் சராசரி 30தான். முதலாவது கண்ணுக்குச் சுகம், இரண்டாவது தலைவலி. டிஜிட்டல் ஃபவுண்ட்ரி போன்றவர்கள் ஒவ்வொரு கன்சோலிலும் இதைத் தனித்தனியாக அளந்து காட்டுகிறார்கள். நான் மதிப்பெண்ணுக்கு முன்னால் தேடுவது இந்த மாதிரி அளவீட்டைத்தான்.

என் டெஸ்ட் ரிப்போர்ட்

இதையெல்லாம் படித்தபோது எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வந்தது பழைய வெட்கம்.

பதினைந்து வருடத்துக்கு மேல் இருக்கும். அப்போது நான் வேலை பார்த்த நிறுவனம் ஒன்றில், பணம் கட்டும் கவுன்ட்டர்களுக்கு ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். ரிலீஸ் தேதி மேலே எங்கேயோ முடிவாகியிருந்தது. எங்கள் அலுவலக மெஷின்களில் மெமரி தாராளம். கவுன்ட்டர்களில் இருந்தவை அதில் கால்வாசிகூட இல்லாத பழைய பெட்டிகள். டெஸ்ட் ரிப்போர்ட் நான்தான் தயார் செய்தேன். எல்லா டெஸ்ட்டும் பாஸ். "சோதனைச் சூழல்" என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் "ஸ்டாண்டர்ட்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ரிலீஸ் ஆன மூன்றாம் நாள் ஒரு கவுன்ட்டருக்கு நேரில் அனுப்பினார்கள். ஒரு ரசீது வர முக்கால் நிமிடம். வரிசை வாசலைத் தாண்டி வெயிலில் நின்றது. கவுன்ட்டரில் இருந்த அம்மா திட்டு வாங்கிக்கொண்டே, "புது சிஸ்டம் சார், கொஞ்சம் பொறுங்க" என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பின்னால் நின்றுகொண்டு நான் என்ன பேசுவது?

அந்த ரிப்போர்ட்டில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. ஆனால் அதைப் படித்தவருக்கு உண்மை போய்ச் சேரவில்லை. அன்றிலிருந்து மெஷின் பெயர் எழுதாத எந்த ரிப்போர்ட்டையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை. கேம் விமர்சனமும் ஒரு டெஸ்ட் ரிப்போர்ட்தானே?

எப்போது சொன்னார்கள்?

விமர்சகர்களுக்கு முன்கூட்டியே பிரதி கொடுக்கும்போது, இந்தத் தேதி இந்த மணிக்கு முன் வெளியிடக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுவார்கள். எம்பார்கோ என்பார்கள். இதில் தவறொன்றும் இல்லை. அவசரப்பட்டு முதலில் எழுதுகிற போட்டியைக் குறைக்கும். ஆனால் அந்த மணி எது என்பதைப் பாருங்கள்.

2014 நவம்பர் 11, அசாசின்ஸ் க்ரீட் யூனிட்டி. அமெரிக்காவில் நள்ளிரவே விற்பனைக்கு வந்துவிட்டது. விமர்சனங்களுக்கான தடை விலகியது அன்று நண்பகலில். நடுவே பன்னிரண்டு மணி நேரம் காசு கொடுத்து வாங்கியவர்கள் யாருடைய அபிப்பிராயமும் இல்லாமல்தான் வாங்கினார்கள். பிறகுதான் முகத்தோல் இல்லாமல் கண்ணும் பல்லும் மட்டும் மிதக்கும் அந்தப் பிரபலமான படம் உலகம் சுற்றியது. கடைசியில் யூபிசாஃப்ட் மன்னிப்புக் கேட்டு, கூடுதல் அத்தியாயத்தை இலவசமாகக் கொடுத்தது.

சரி, விமர்சகர்களை விட்டுவிட்டு ஆடுகிறவர்களின் மதிப்பெண்ணைப் பார்க்கலாமா? அதற்கும் ஒரு கதை இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2 வந்தது. ஆடி முடிக்க ஏறக்குறைய 25 மணி நேரம் ஆகும். வெளியான சில மணி நேரத்திலேயே ஆயிரக்கணக்கானவர்கள் பூஜ்யம் போட்டுவிட்டார்கள். கதையில் நடப்பது முன்பே கசிந்திருந்தது, அதன் மேல் இருந்த கோபம் அது. அவர்களை எதிர்த்து ஆடாமலே 10 போட்டவர்களும் உண்டு. விமர்சகர்கள் சராசரி 93, பயனர் மதிப்பெண் பாதாளத்தில். அடுத்த மாதமே மெட்டாக்ரிட்டிக், கேம் வெளியாகி 36 மணி நேரம் கழித்துத்தான் பயனர்கள் மதிப்பெண் போடலாம் என்று விதி கொண்டுவந்தது. 25 மணி நேரக் கேமுக்கு 36 மணி நேரம் போதுமா என்பது வேறு கேள்வி. தூங்க வேண்டாமா?

எந்தப் பதிப்பைப் பற்றி?

முன்பெல்லாம் கேசட்டில் என்ன இருந்ததோ அதுதான் கேம். இப்போது டிஸ்க்கில் இருப்பது தொடக்கம் மட்டுமே. முதல் நாளே ஒரு பேட்ச், அடுத்த மாதம் இன்னொன்று. அதனால் ஒரு விமர்சனம் எந்தத் தேதியில் எழுதப்பட்டது என்பதைப் பொறுத்து அது வேறொரு பொருளைப் பற்றியதாகவே இருக்கலாம்.

நல்ல பக்கம் எல்லோருக்கும் தெரியும். நோ மேன்ஸ் ஸ்கை 2016 ஆகஸ்டில் வந்தபோது, சொன்னது இல்லை என்று திட்டாதவர் இல்லை. பிரிட்டனின் சிறிய ஹலோ கேம்ஸ் குழு விடாமல் இலவசமாகச் சேர்த்துக்கொண்டே போனது. 2018 ஜூலையில் நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதி முழுமையாக வந்தது. இன்று அது வேறு கேம்.

கெட்ட பக்கத்தை அதிகம் பேர் பேசுவதில்லை. க்ராஷ் டீம் ரேசிங் நைட்ரோ-ஃப்யூல்டு 2019 ஜூனில் வந்தபோது, உள்ளே உள்ள பொருட்களை ஆடிச் சம்பாதித்த காசில்தான் வாங்க முடியும். விமர்சனங்கள் எல்லாம் வந்து அடங்கின. ஆகஸ்டில் நிஜப் பணம் கொடுத்து அந்தக் காசை வாங்கும் வசதியைச் சேர்த்தார்கள். ஜூன் மாத மதிப்பெண் அப்படியே நின்றது. அது மதிப்பிட்ட கேம் அங்கே இல்லை.

சைபர்பங்கின் இரண்டாம் பாகக் கதையும் இங்கேதான் வருகிறது. 2023 செப்டம்பரில் 2.0 பேட்ச் வந்தது, ஃபேன்டம் லிபர்ட்டி வந்தது, "கேம் மீண்டுவிட்டது, இப்போது தாராளமாக வாங்கலாம்" என்று எல்லோரும் எழுதினார்கள். நியாயமான பாராட்டுதான். ஆனால் அந்த 2.0 பிளேஸ்டேஷன் 4க்கு வரவே இல்லை. அதற்குக் கிடைத்த கடைசிப் பெரிய பேட்ச் 2022ல் வந்த 1.6. ஆக, 2020ல் "அருமை" என்று சொன்னதும் அவனுடைய மெஷினைப் பற்றி இல்லை, 2023ல் "சரியாகிவிட்டது" என்று சொன்னதும் அவனுடைய மெஷினைப் பற்றி இல்லை. இரண்டு முறையும் ஏமாந்தது அதே ஆள்.

யார் காசில்?

2014ல் மிடில்-எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டார் வந்தபோது, யூட்யூபில் பிரபலமானவர்களுக்குப் பணமும் பிரதியும் கொடுத்து வீடியோ போட வைத்தார்கள். நல்லபடியாகப் பேச வேண்டும், பக் எதையும் காட்டக் கூடாது என்பது ஒப்பந்தம். பணம் வாங்கிய விவரம், வீடியோவுக்குக் கீழே மடித்து வைத்த குறிப்புக்குள் இருந்தது. அமெரிக்காவின் எஃப்டிசி அமைப்பு விசாரித்து, 2016ல் வார்னர் பிரதர்ஸ் சமரசத்துக்கு வந்தது. வினோதம் என்னவென்றால் அது உண்மையிலேயே நல்ல கேம். காசு கொடுக்காமலே பாராட்டியிருப்பார்கள்.

இந்த எண்களால் அடி வாங்குவது வாங்குகிறவர்கள் மட்டும் இல்லை. ஃபால்அவுட்: நியூ வேகஸ் செய்த ஆப்சிடியன் குழுவுக்கு, மெட்டாக்ரிட்டிக்கில் 85 வந்தால் போனஸ் என்று ஒப்பந்தம். வந்தது 84. அந்தக் குழுவைச் சேர்ந்த கிறிஸ் அவெலோன் 2012ல் இதை வெளியே சொன்னார். இத்தனைக்கும் அந்தச் சராசரியில் எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு கனம் என்பதை மெட்டாக்ரிட்டிக் வெளியிடுவதில்லை. சூத்திரம் தெரியாத ஒரு எண்ணில் ஒரு புள்ளி குறைந்ததற்கு போனஸ் போயிற்று. அப்ரைசல் பார்த்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

ஆக, என்ன செய்யலாம்?

நான் விமர்சனங்களைப் படிக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. இன்னும் கவனமாகப் படிக்கச் சொல்கிறேன். "நல்லா இருக்கா?" என்ற கேள்வியோடு நான்கு துணைக்கேள்விகள்:

1. எந்த மெஷினில் ஆடினார்? என்னிடம் இருப்பது அதுவா?
2. எந்தத் தேதியில், எந்தப் பேட்ச்சோடு?
3. எத்தனை மணி நேரம்? முடித்துவிட்டு எழுதினாரா?
4. பிரதியும் பணமும் யார் கொடுத்தது? என்ன நிபந்தனையில்?

நான்குக்கும் பதில் இருந்தால் அது 70 போட்ட விமர்சனமாக இருந்தாலும் எனக்கு உபயோகம். பதில் இல்லையென்றால் 95 போட்டிருந்தாலும் அது என் பழைய ரிப்போர்ட்டில் இருந்த "ஸ்டாண்டர்ட்" மாதிரிதான். இன்னொரு விஷயம்: உங்கள் கன்சோலுக்கான பிரதியை வெளியீட்டுக்கு முன் யாரிடமும் காட்டவில்லை என்றால், அதையே ஒரு விமர்சனமாக எடுத்துக்கொள்ளுங்கள். முன்பதிவு செய்யாவிட்டால் டிஜிட்டல் பிரதி தீர்ந்தா போய்விடும்? முடிந்தால் டிஸ்க்காக வாங்குங்கள், பிடிக்காவிட்டால் விற்கவாவது செய்யலாம்.

இதையெல்லாம் அக்கா பையனிடம் போனில் சொன்னேன். "கிளாஸ் எடுக்காதீங்க மாமா" என்று வைத்துவிட்டான். சாயங்காலம் மறுபடி செய்தி வந்தது. அந்த 91க்குப் பின்னால் இருந்த விமர்சனங்களில் மூன்றை முழுசாகப் படித்திருக்கிறான். மூன்றுமே பிளேஸ்டேஷன் 5 ப்ரோவில் ஆடியவை. அவனிடம் இருப்பது சாதாரண 5. ஒளித்தெல்லாம் வைக்கவில்லை. ஒருவர் மூன்றாவது பத்தியிலேயே தெளிவாக எழுதியிருக்கிறார். நாங்கள் இரண்டு பேரும்தான் பச்சைக் கட்டத்தைத் தாண்டிப் போகவில்லை.

"ரெண்டு வாரம் பாத்துட்டு வாங்குறேன் மாமா. ஹாஸ்டல்ல ஒருத்தன் வாங்குறான், அவன்கிட்டயும் என்னோட மெஷின்தான்" என்றான். அந்த ஹாஸ்டல் பையன் போடப்போகிற மதிப்பெண்ணுக்குத்தான் நானும் காத்திருக்கிறேன்.